சத்திரத்துப் படியில் ஆர்மோனியம்

திண்டிவனத்தில் நான் வேலைக்குச் சேர்ந்த பெண்கள் பள்ளிக்கூடம் ஒரு பழைய சத்திரத்தில் நடந்தது. மயிலத்துக்கும் திருவண்ணாமலைக்கும் நடந்து போகிறவர்கள் இளைப்பாறிப் போவதற்காக யாரோ ஒரு புண்ணியவான் எந்தக் காலத்திலோ கட்டி வைத்தது. பஸ் வந்த பிறகு நடப்பவர்கள் குறைந்துபோனார்கள். நகராட்சி அந்தக் கல் தூண்களில் கரும்பலகைகளைச் சாய்த்து வைத்துப் பள்ளிக்கூடம் ஆக்கிவிட்டது. கீழ்க்கூடத்தில் நாலு வகுப்புகள். நடுவில் தடுப்பு கிடையாது. என் மூன்றாம் வகுப்பு ஏழாம் வாய்ப்பாடு சொன்னால் பக்கத்திலிருக்கும் இரண்டாம் வகுப்பும் கூடவே சொல்லும். தேக்குமரப் படி ஏறினால் மாடியில் நீளமான ஒரே அறை. அதில் தையல் வகுப்பு. வெளியே, கைப்பிடிச் சுவரின் மேல், சுண்ணாம்பில் செய்த கிளிகள் வரிசையாக உட்கார்ந்திருக்கும். பாதிக் கிளிகளுக்கு மூக்கு இல்லை.

ஐம்பதுகளின் கடைசி. எனக்கு இருபத்திரண்டு வயது. விழுப்புரத்தில் அப்பாவுக்கு ரயில்வேயில் வேலை. தினமும் ரயிலில் வந்துபோகலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். இரண்டு மாதத்தில் உடம்பு கேட்கவில்லை. அப்போதுதான் தையல் டீச்சர், "என் ரூமுல பாதி எடம் சும்மாதான் கெடக்குது, வந்துடுங்களேன்" என்றாள். மாதா கோயிலுக்குப் பின்னால் ஒரு ஓட்டு வீட்டின் கடைசி அறை. போன முதல் வாரம் "டீச்சர், டீச்சர்" என்று பேசிக்கொண்டோம். பிறகு வாடி போடி ஆகிவிட்டது.

அவள் வானூர்ப் பக்கத்துக் கிறிஸ்தவ கிராமம் ஒன்றிலிருந்து வந்தவள். அவளுடைய அப்பா அந்த ஊர்க் கோயிலில் உபதேசியார். ஜெபம் சொல்லிக்கொடுப்பது, பூசைக்கு மணி அடிப்பது, ஆர்மோனியம் வாசிப்பது எல்லாம் அவர்தான். மகளுக்கும் ஏழு வயதிலேயே ஆர்மோனியம் பழக்கியிருந்தார். ஆனால் வயதுக்கு வந்தபின் அவள் கோயிலில் வாசிக்கவில்லை. வீட்டில், அதுவும் கதவைச் சாத்திக்கொண்டு. திண்டிவனத்துக்கு வந்ததும் அதுவும் நின்றுபோயிற்று. பெட்டி அப்பாவிடம் இருந்தது.

சத்திரத்துக்கு எதிரே, தெருவைத் தாண்டினால், தீமிதி அம்மன் கோயில். ஆடி மாதத்தில் பதினெட்டு நாள் திருவிழா. கோயில் வாசலிலிருந்து எங்கள் பள்ளிக்கூடப் படிவரை தென்னங்கீற்றுப் பந்தல் போட்டுவிடுவார்கள். பிற்பகல் மூன்றரைக்குக் கதை ஆரம்பிக்கும். விளக்கு வைக்கும் நேரம்வரை நடக்கும். எந்தக் கதை என்று ஊரில் யாரும் பெயர் சொல்வதில்லை, வெறும் "கதை"தான். பிரசங்கியார் ஒருவர் உயரமான பலகையில் உட்கார்ந்து பாடிப் பாடிப் பொருள் சொல்வார். அவருக்குச் சுருதியும் பின்பாட்டும் ஒரு ஆர்மோனியம். வேலையை விட்டுவிட்டு ஜனங்கள் வந்து கேட்பார்கள். அந்தப் பதினெட்டு நாளும் கடைசி பீரியடில் பாடம் நடத்த முயன்று, தோற்று, எங்கள் தலைமையாசிரியை பிள்ளைகளை விட்டுவிடுவார்.

நானும் தையல் டீச்சரும் மாடி ஜன்னலில் உட்கார்ந்து கேட்போம். கதை அவளுக்குப் புதிது. நிறுத்தி நிறுத்தி என்னிடம் கேட்பாள். பாட்டு ஓடும்போது அவளுடைய விரல்கள் தையல் மேசையின் விளிம்பில் ஓடிக்கொண்டிருக்கும். ஆர்மோனியக்காரர் ஒரு இடத்தில் தவறினால் அவள் விரல் சட்டென்று நின்றுவிடும். "அங்க அது இல்ல" என்பாள், தனக்குத்தானே.

திருவிழாவின் ஐந்தாம் நாள் ஆர்மோனியக்காரர் சைக்கிளிலிருந்து விழுந்து வலது கையை முறித்துக்கொண்டார். ஆறாம் நாள் பிரசங்கியார் வெறும் தாளத்தை வைத்துக்கொண்டு பாடினார். பாவம், வயதானவர். நாலு வரி பாடுவதற்குள் சுருதி எங்கேயோ போய்விடும், தேடிப் பிடித்து வருவதற்குள் இருமல் வந்துவிடும். முன்வரிசையில் இருந்த கிழவிகளைத் தவிர மற்றவர்கள் ஒவ்வொருவராக எழுந்து போனார்கள். கோயில் தர்மகர்த்தா மல்லாட்டை மண்டி, அதாவது வேர்க்கடலை வியாபாரம், வைத்திருந்தவர். விழுப்புரம், புதுச்சேரி என்று ஆள் அனுப்பியிருந்தார். ஆடியில் எந்த ஆர்மோனியக்காரர் சும்மா இருப்பார்?

ஏழாம் நாள் காலையில் அவர் சத்திரத்துப் படியில் உட்கார்ந்து தலையில் கை வைத்துக்கொண்டிருந்தார். அவருடைய பேத்தி என் வகுப்பில் படித்தாள். "இன்னாங்க ஐயா?" என்று கேட்டேன்.

"எல்லாம் பேஜாரா போச்சு டீச்சரம்மா. நாளன்னிக்கு அம்மாவ சபைக்கு இஸ்துகினு வர்ற கதை. பொட்டி இல்லாம அத எப்படிப் படிக்கறது? பதினெட்டு ஊரு ஜனம் வரும்."

"எங்க தையல் டீச்சர் நல்லா வாசிப்பாங்க" என்று சொல்லிவிட்டேன்.

யோசிக்காமல் வந்த வார்த்தை. அவர் நிமிர்ந்து பார்த்தபோதுதான் எனக்கே என்ன சொன்னேன் என்று உறைத்தது.

மத்தியானம் மாடிக்குப் போய் அவளிடம் சொன்னேன். காஜா எடுத்துக்கொண்டிருந்தவள் ஊசியைத் துணியில் குத்தி வைத்தாள்.

"இன்னாத்துக்குச் சொன்ன?"

"தெரியாம வாயில வந்துடுச்சு. வேணாம்னு சொல்லிட்டு வந்துடறேன்."

நான் படியில் இரண்டு எட்டு இறங்கியிருப்பேன். மேலிருந்து கேட்டாள். "அவுரு எந்தக் கட்டையில பாடுறாரு? நாலா, நாலரையா?"

அன்று சாயங்காலம் பங்குச் சாமியாரைப் பார்க்கப் போனோம். நானும் கூடப் போனேன், என்னால் வந்த வினை என்பதால். அவர் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். அவள் தலையில் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னாள்.

"நீ எங்க உக்காருவ?" என்று கேட்டார்.

"சத்திரத்துப் படியிலங்க சாமி. எங்க பள்ளிக்கூடம்."

"உன் பள்ளிக்கூடத்துப் படியில நீ உக்காருறதுக்கு எங்கிட்ட எதுக்கு வந்து கேக்கற?" என்று சொல்லிவிட்டு அடுத்த செடிக்குப் போய்விட்டார்.

அந்தப் பக்கத்திலும் பேச்சு நடந்தது. மண்டிக்காரரின் பங்காளி ஒருவர், "கிறிஸ்தவப் பொண்ணாச்சேப்பா" என்று இழுத்தாராம். அதற்குக் கையைத் தூளியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்த பழைய ஆர்மோனியக்காரர், "பொட்டிக்கு ஏதுய்யா சாமி? காத்து உள்ள போவுது, வெளிய வருது" என்றாராம். தன் பெட்டியை அவரே ஆள் வைத்துத் தூக்கிவந்து சத்திரத்தின் மூன்றாம் படியில் வைத்தார். கட்டைகள் மஞ்சளேறி, சில இடங்களில் குழி விழுந்திருந்தன. "அஞ்சாவது கட்டைய அழுத்தாத கண்ணு, அது சத்தம் போடாது. தடவு, போதும்" என்று சொல்லிக்கொடுத்தார்.

எட்டாம் நாள். பிரசங்கியார் பந்தலின் அந்தக் கோடியில், கோயில் வாசலில். அவள் இந்தக் கோடியில், படிமேல். நடுவில் அறுபது அடி இருக்கும். அதை முழுக்க ஜனங்கள் அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். சாம்பல் நிறப் புடவை, கழுத்துவரை ரவிக்கை, தலையில் முக்காடு. நான் பக்கத்தில் விசிறி வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். உண்மையில் எனக்கு அங்கே ஒரு வேலையும் இல்லை. அவள் துருத்தியைத் திறந்து ஒரு சுரத்தைப் பிடித்தாள். அந்தக் கோடியிலிருந்து பிரசங்கியார் காதுக்குப் பின்னால் கையைக் குவித்துக்கொண்டு கேட்டார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு பாட ஆரம்பித்தார்.

முதல் அரைமணி நேரம் சரியாக வரவில்லை. இவளுக்கு அவர் பாட்டு ஒரு கணம் தள்ளிக் கேட்கிறது, அவருக்கு இவள் வாசிப்பு இன்னும் தள்ளிக் கேட்கிறது. நடுவில் குழந்தைகள் அழுகை வேறு. அவர் பாதியில் நிறுத்தினார். போச்சு என்று நினைத்தேன். அவர் பலகையை விட்டு இறங்கி, புத்தகத்தை அக்குளில் வைத்துக்கொண்டு, ஜனங்களை விலக்கிக்கொண்டு நேராகச் சத்திரத்துக்கு வந்தார். இரண்டாம் படியில், அவளுக்குக் கீழே, உட்கார்ந்தார். "அம்மா அங்கருந்தே கேப்பா. அவளுக்குக் காது கேக்கும். எனக்குத்தான் கேக்கல" என்றார் ஜனங்களைப் பார்த்து. பந்தல் முழுக்கச் சிரித்தது. எல்லாரும் கோயிலுக்கு முதுகைக் காட்டாமல் பக்கவாட்டில் திரும்பி உட்கார்ந்துகொண்டார்கள். மீதி நாட்கள் முழுக்கக் கதை எங்கள் பள்ளிக்கூடப் படியிலேயே நடந்தது.

மறுநாள் சபைக் கதை. மண்டிக்காரர் சொன்னதுபோல வண்டி வண்டியாக ஜனம். மாடி ஜன்னல், கைப்பிடிச் சுவர், எங்கும் என் வகுப்புப் பிள்ளைகள். அம்மனைக் கூந்தலைப் பிடித்து இழுத்துவரும் இடம் வந்தது. பிரசங்கியார் கோவிந்தா என்று கூப்பிட ஆரம்பித்தார். ஒரு தரம், இரண்டு தரம், குரல் ஏறிக்கொண்டே போயிற்று. ஜனங்களும் சேர்ந்துகொண்டார்கள். அவள் ஒரே ஒரு சுரத்தை மட்டும் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. அத்தனை சத்தத்துக்கும் அடியில் அது நின்றுகொண்டிருந்தது. பிரசங்கியாருக்கு அழுகை வந்து பாட்டு நின்றபோதும், ஜனங்கள் நின்றபோதும், அந்தச் சுரம் மட்டும் நிற்கவில்லை. துருத்தியைப் போட்ட இடது கை மரத்துப்போயிருக்க வேண்டும். முகத்தில் கண்ணீர் வழிந்துகொண்டிருந்தது, துடைக்கக் கை இல்லை. என் முந்தானையால் நான் துடைத்துவிட்டேன். எனக்கு அன்று ஒரு வேலை இருந்தது.

முடிந்ததும் பெண்கள் அவளைச் சூழ்ந்துகொண்டார்கள். யாரோ ஒரு அம்மாள் கை நிறைய வறுத்த மல்லாட்டையை அவள் மடியில் கொட்டினாள். இன்னொருத்தி, "எந்த ஊரும்மா நீ? யார் வூட்டுப் பொண்ணு?" என்று கேட்டாள். அவள் ஊர்ப் பெயரைச் சொன்னாள். சொல்லியிருக்கக் கூடாதோ என்று பிற்பாடு பலமுறை நினைத்திருக்கிறேன்.

அந்த நாட்களை எப்படிச் சொல்வது? காலையில் பள்ளிக்கூடம் போவோம், மூன்றரைக்குப் படியில் உட்காருவோம், விளக்கு வைத்ததும் அறைக்கு வருவோம். அரிசி களைந்துகொண்டே அவள் மறுநாள் கதையைக் கேட்பாள். நான் சொல்லச் சொல்ல, "இங்க அவுரு எறங்குவாரு, இல்ல? இங்க நிறுத்துவாரு" என்று அவளே பிடித்துக்கொள்வாள். நடக்கும்போது அவள் நடையே வேறாக இருந்தது. தெருவில் சின்னப் பிள்ளைகள் "பொட்டி டீச்சர்" என்று கூப்பிட்டார்கள். அவள் அதற்குக் கோபித்துக்கொள்ளவே இல்லை. அதற்கு முன்னும் பின்னும் எனக்கு எவ்வளவோ நல்ல நாட்கள் வந்திருக்கின்றன. ஆனால் எழுந்திருக்கும்போதே சிரிப்பு வருகிற காலை என்பது அந்தப் பத்து நாளில்தான்.

பதினெட்டாம் நாள் காலை படுகளம். ஏரிக்கரைக்குப் பின்னால் மேட்டு நிலத்தில், தோற்ற அரசனை மண்ணால் செய்து மல்லாத்திப் படுக்கவைத்திருப்பார்கள். நாற்பது முழம் இருக்கும். தலைமாட்டிலிருந்து கால்மாட்டுக்குப் பிள்ளைகள் ஓடிப்பிடித்து விளையாடுவார்கள். அம்மன் வேஷம் கட்டிய கூத்துக்காரர் விரித்த கூந்தலோடு மூன்று முறை சுற்றி வந்து, அவன் தொடையில் வைத்திருக்கும் சிவப்புக் குழம்பைத் தொட்டுத் தலையில் பூசி, கூந்தலை அள்ளி முடிவார். அதுவரை விரதத்துக்காகத் தலையை விரித்துப் போட்டிருந்த பெண்களும் அப்போதுதான் முடிந்துகொள்வார்கள். மாட்டை அவிழ்த்துவிட்ட ஒரு கட்டை வண்டியில் ஆர்மோனியத்தை வைத்திருந்தார்கள். அவள் அதில் உட்கார்ந்து வாசித்தாள். கீழே நின்று பிரசங்கியார் பாடினார்.

கூந்தல் முடிந்தாயிற்று. குலவைச் சத்தம் அடங்கியது. அவள் துருத்தியை மூடினாள். வண்டிச் சக்கரத்துக்குப் பக்கத்தில், வெள்ளை வேட்டியும் கழுத்தில் ஜெபமாலையுமாக, வற்றிய உடம்புள்ள ஒருவர் நின்றிருந்தார். நான் அவரை அதற்கு முன் பார்த்ததில்லை. அவள் முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன்.

"எப்பப்பா வந்தீங்க?"

"முடி முடியறதுக்கு முந்தியே." வண்டியில் கையை ஊன்றி ஆர்மோனியத்தைப் பார்த்தார். "இதுல ஒரு ரீடு செத்துப் போயிருக்குது. இத வெச்சிக்கினு எப்படிடி வாசிச்ச?"

"தடவிக்கினே போயிட்டேன்."

"ம். கடைசியில கொஞ்சம் ஓட்டிட்ட. அவுரு மூச்சு வாங்க வுட்டிருக்கணும்."

அவ்வளவுதான் என்று நினைத்து எனக்கு உயிர் வந்தது. பிரசங்கியார் கும்பிட்டுக்கொண்டு வந்தார். "ஐயா, கொழந்தைய நீங்கதான் பழக்கினீங்களா? சாயங்காலம் தீமிதி. அது வரைக்கும் இருக்கட்டுமே."

"இதோட போதுங்க" என்றார் அவர். மரியாதையாகத்தான் சொன்னார். மகளிடம் திரும்பி, "கெளம்பு. பதினோரு மணி பஸ்ஸ புடிச்சிடலாம்" என்றார். அவள் வண்டியிலிருந்து இறங்கினாள். என்னைப் பார்த்தாள். மேட்டைத் தாண்டி இருவரும் நடந்து போனார்கள். அவர் முன்னால், அவள் இரண்டடி பின்னால். அன்று மாலை தீமிதி. நான் போகவில்லை.

ஒரு வாரம் கழித்துத் திரும்பி வந்தாள். கல்யாணம் நிச்சயமாகிவிட்டது என்றாள். அத்தை மகன், கரக்பூரில் ரயில்வே வேலை. ஏற்கெனவே பேசிவைத்ததுதான், அடுத்த வருஷம் என்று இருந்தது, இப்போது தை மாதம் ஆகிவிட்டது. "ஊர்ல ஒவ்வொருத்தரும் ஒவ்வொண்ணு பேசறாங்களாம். அப்பாவுக்கு அதத் தாங்க முடியல" என்றாள். மீதி நாட்கள் அவளும் நானும் தலையணை உறை தைத்தோம்.

கல்யாணத்துக்குப் போனேன். கோயிலில் பூசை முடிந்து சாப்பாடு நடந்துகொண்டிருந்தபோது, சமையல் கொட்டகைக்குப் பின்னால் அவளைத் தனியாகப் பிடித்துவிட்டேன். பல மாதமாக மனசில் கிடந்ததைக் கேட்டேன்.

"நான் அன்னிக்கு வாயத் தொறக்காம இருந்திருந்தா, இவ்ளோ ஜல்தியா உன்ன அனுப்பியிருக்க மாட்டாங்க இல்ல?"

அவள் கையில் மருதாணி சிவந்திருந்தது. அந்தக் கையால் என் கன்னத்தைக் கிள்ளினாள். "நீ சொல்லலன்னா நானே போயி சொல்லியிருப்பேன்டி. ஆறாம் நாளே செருப்ப மாட்டிக்கினேன், அப்புறம் பயந்துக்கினு கழட்டிட்டேன்."

அடுத்த ஆடியில் பழைய ஆர்மோனியக்காரர் கை சரியாகி வந்துவிட்டார். பலகை கோயில் வாசலுக்கே போய்விட்டது. மாடியில் புதிய தையல் டீச்சர் ஜன்னலைச் சாத்திவிட்டு வேலை பார்த்தார், சத்தம் தலைவலியாம். கடிதங்கள் வந்தன. அங்கே மீன் சாப்பாடு நன்றாக இருக்கிறது, பாஷைதான் தொண்டையில் நிற்கிறது, பையன் பிறந்திருக்கிறான், பெண் பிறந்திருக்கிறாள். நானும் எழுதினேன். இரண்டு பெண் பார்த்தலும் ஒரு நின்றுபோன கல்யாணமும் ஆகி, அதன்பின் வீட்டில் யாரும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை என்பதையும் எழுதினேன்.

ஒரு ஐப்பசிப் புயலில் சத்திரத்தின் மாடி ஒருபக்கம் உட்கார்ந்துவிட்டது. நல்லவேளை, ஞாயிற்றுக்கிழமை. பள்ளிக்கூடம் ரயில் நிலையத்துப் பக்கம் புதுக் கட்டடத்துக்குப் போயிற்று. சத்திரத்தை இடித்துத் தூண்களை மாட்டுவண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். ஒரு சுண்ணாம்புக் கிளியை எடுத்து வைத்துக்கொள்ளலாம் என்று போனேன். எல்லாம் கொட்டிப் பொடியாகிக் கிடந்தது. இடம் கடைகளாகிவிட்டது.

அதற்கு மறுவருஷம், அறுபதுகளின் நடுவில், அவளிடமிருந்து தபால் கார்டு வந்தது. குடும்பத்தோடு வேளாங்கண்ணிக்குப் போகிறார்கள், பகல் வண்டி, விழுப்புரத்தில் கொஞ்ச நேரம் நிற்கும், வர முடியுமா?

லீவு போட்டுவிட்டுப் போனேன். மல்லாட்டை வேகவைத்துத் தூக்குச்சட்டியில் எடுத்துக்கொண்டேன். வண்டி வந்ததும் பெட்டி பெட்டியாக ஓடினேன். அவள்தான் என்னை முதலில் பார்த்துக் கையை ஆட்டினாள். கொஞ்சம் பருத்திருந்தாள். காதோரம் ஒரு நரை. பிள்ளைகள் என்னை "ஆன்ட்டி" என்றார்கள். அவள் கணவர் நல்ல மனிதர், "பேசிக்கினு இருங்க" என்று பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு தண்ணீர் பிடிக்கப் போனார். ஜன்னல் கம்பிக்கு இந்தப்பக்கம் நான், அந்தப்பக்கம் அவள். கையைப் பிடித்துக்கொண்டோம்.

"வாசிக்கறியா?" என்று கேட்டேன்.

"ரெண்டு ரூமு வூடுடி. பொட்டிய எங்க வெக்கறது?" சிரித்தாள். பிறகு கேட்டாள். "சத்திரம் எப்படி இருக்குது?"

"இருக்குது" என்றேன்.

"மாடி?"

"மாடியும் இருக்குது. இப்பகூட ஆடியில பிள்ளைங்கள்லாம் மேல ஏறிக்கினு எறங்கவே மாட்டேங்குது."

அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். என் கையை ஒருமுறை அழுத்தினாள். ரயில் கார்டு விசில் ஊதினார். பிள்ளைகளோடு திரும்பி வந்து ஏறிய அவள் கணவரிடம் தூக்குச்சட்டியை அவசரமாகக் கொடுத்தேன். ஜன்னலில் கை தெரிந்தவரை பிளாட்பாரத்திலேயே நின்றேன்.

வீட்டுக்குப் போனதும் எனக்குச் சோறு இறங்கவில்லை. அவளிடம் ஏன் அப்படிச் சொன்னேன்? நாலு நாள் பொறுத்துப் பார்த்தேன். பிறகு உட்கார்ந்து உண்மையை எழுதினேன். புயல், இடிந்த மாடி, கடைகள், எல்லாவற்றையும். மன்னித்துக்கொள் என்றும் எழுதினேன்.

பதில் மூன்று வாரம் கழித்து வந்தது. "அப்பா போன வருஷமே எழுதிவிட்டார். அந்தப் பக்கம் போனபோது வண்டியில் தூண் ஏற்றுவதைப் பார்த்தாராம். எனக்குத் தெரிந்துதான் கேட்டேன். நீ இருக்கிறது என்று சொன்னதும் வேளாங்கண்ணி போய்ச் சேருகிறவரை எனக்குச் சந்தோஷமாக இருந்தது" என்று எழுதியிருந்தாள். கீழே, வரும் ஆடியில் எந்த நாளில் எந்தக் கதை, யார் வாசித்தார்கள், எங்கே நிறுத்தினார்கள் என்று ஒன்று விடாமல் எழுத வேண்டும் என்றும் கேட்டிருந்தாள்.

நான் எழுதினேன். அந்த வருஷம் பதினாறு பக்கம். அதற்கடுத்த இரண்டு வருஷமும் எழுதினேன். பிறகு அவர்களுக்கு வடக்கே இன்னும் தொலைவில் எங்கோ மாற்றலாயிற்று. ஒரு கடிதம் முகவரி தவறு என்று திரும்பி வந்தது. அவள் அப்பாவும் அதற்குள் காலமாகிவிட்டார். விசாரிக்க ஆளில்லை.

வேலையிலிருந்து ஓய்வு பெற்றும் நான் திண்டிவனத்திலேயே இருந்துவிட்டேன். ஆடியில் கொடி ஏறினால் பிற்பகலில் போய்ப் பந்தலில் உட்காருகிறேன். ஒரு நோட்டுப் புத்தகம் கொண்டுபோகிறேன். எந்த நாளில் எந்தக் கதை, எங்கே நிறுத்தினார்கள் என்று இன்னும் எழுதிக்கொண்டுதான் இருக்கிறேன்.